பூமியின் பாதையில் ஓடும் சிறுகோளை இனம்காண்பது எப்படி?

கேள்வி: "பூமிக்கு இரண்டாவது நிலவு" என்று அடிக்கடி செய்தி வருகிறது. என்னிடம் 8 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. அதில் தெரியுமா? ஒரு சிறுகோள் நிஜமாகவே பூமியின் பாதையைப் பங்கிட்டுக்கொள்கிறதா என்று நானே சோதிக்க வழி உண்டா?

பதில்: தெரியாது. அதிகம் பேசப்படும் கமோஓஅலேவா (2016-இல் ஹவாயிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி கண்டுபிடித்தது) 40 முதல் 100 மீட்டர் அளவுள்ள பாறை. அதன் பொலிவெண் (எண் கூடக்கூட மங்கல்) 23-ஐத் தாண்டியது. நல்ல இருட்டில் உங்கள் தொலைநோக்கி கண்ணுக்குக் காட்டுவது 14 வரைதான். 9 எண் வித்தியாசம் என்றால் சுமார் 4,000 மடங்கு ஒளி குறைவு. அது பூமிக்குச் சுமார் 1.4 கோடி கி.மீ.யை விட நெருங்கி வருவதும் இல்லை. நிலவு என்ற பட்டம் அதற்கு ஒட்டாது; அது சுற்றுவது சூரியனை.

சோதிப்பதைத் தாராளமாகச் செய்யலாம். முதல் சல்லடை, சுற்றுக்காலம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 370 நாள் சுற்றுக்காலம் நம் ஆண்டுக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்தச் சிறுகோள் ஆண்டுக்கு 4.6 பாகை பின்தங்கி, 78 ஆண்டுகளில் பூமியிடம் ஒரு முழுச்சுற்றே தோற்றுவிடும். ஆகவே அரைப்பேரச்சு (நீள்வட்டப் பாதையின் நீள விட்டத்தில் பாதி; சுற்றுக்காலத்தை நிர்ணயிப்பது இதுதான்) 0.99–1.01 வானியல் அலகுக்குள் (ஓர் அலகு என்பது பூமி–சூரியன் சராசரித் தூரம்) இருந்தால் 'பார்க்கலாம்' என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தீர்ப்புச் சொல்வது, சூரியனிலிருந்து பார்த்தால் பூமிக்கும் சிறுகோளுக்கும் இடையிலுள்ள கோணம்.

நாசா ஜேபிஎல்-இன் ஹொரைசன்ஸ் இணையச் சேவை இலவசம். அட்டவணை வகையில் சுற்றுப்பாதைக் கூறுகளைத் தேர்ந்தெடுங்கள். பொருளின் பெயரில் கமோஓஅலேவாவின் எண்ணை 469219; என்று அரைப்புள்ளியோடு கொடுங்கள். அரைப்புள்ளி விட்டுப்போனால் அந்த எண்ணைக் கோள், துணைக்கோள் பட்டியலில் தேடும். மையம் @10, அதாவது சூரியன். @0 கொடுத்தால் சூரியக் குடும்பத்தின் நிறைமையம் வந்துவிடும். கூறுகள் வியாழனின் தாளத்துக்கு ஆடும். காலம் 1900 முதல் 2100 வரை, இடைவெளி 30 நாள். இதே அமைப்பில் பூமிக்கும் ஓர் அட்டவணை எடுங்கள். 399 (பூமி) வேண்டாம், 3 (பூமி–நிலவு நிறைமையம்) கொடுங்கள். நிலவின் இழுப்பில் பூமி நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுவதால், 399-இன் அரைப்பேரச்சு ஏறக்குறைய 0.0008 அலகு குதிக்கும். நாம் அலசும் வித்தியாசங்களே இந்த அளவில்தான் இருக்கின்றன.

பிறகு ஒவ்வொரு வரியிலும் ஓஎம் (OM), டபிள்யூ (W), எம்ஏ (MA) ஆகிய மூன்று கோண நெடுவரிசைகளையும் கூட்டினால் சராசரி நெட்டாங்கு, அதாவது பாதையில் அந்தப் பொருள் சராசரியாக எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது. பூமியின் பாதை, கோணங்களை அளக்கும் அடிப்படைத் தளத்திலேயே படுத்திருப்பதால் அதன் ஓஎம், டபிள்யூ இரண்டும் தனித்தனியே தாறுமாறாகத் துள்ளும். கூட்டுத்தொகை சீராகவே இருக்கும், கவலை வேண்டாம். சிறுகோளின் தொகையிலிருந்து பூமியின் தொகையைக் கழித்து, –180 முதல் +180 பாகைக்குள் கொண்டுவந்து, காலத்துக்கு எதிரே வரையுங்கள்.

கோடு பூஜ்யத்தைச் சுற்றி ஊசலாடினால் போலித் துணைக்கோள் (சூரியனைச் சுற்றினாலும் பூமியின் பக்கத்திலேயே இருப்பது). கமோஓஅலேவா இந்த ரகம். ட்ரோஜன் என்பது கோளின் பாதையிலேயே அதற்குச் சுமார் 60 பாகை முன்னோ பின்னோ ஓடும் சிறுகோள்: +60 பாகையைச் சுற்றினால் முன்னோடும் ட்ரோஜன் (2010 டிகே7, 2020 எக்ஸ்எல்5), –60 என்றால் பின்தொடரும் ட்ரோஜன். ஒரே திசையில் ஓடிக்கொண்டே பூஜ்யத்தையும் தாண்டிப் போனால் வெறும் வழிப்போக்கன். 180-ஐத் தாண்டிப் போய், பூமியை நெருங்கும்போது மட்டும் திரும்பிவிட்டால் குதிரை லாடப் பாதை.

அந்தத் திருப்பம்தான் இதில் ரசிக்க வேண்டியது. பூமியைவிடச் சற்று உள்ளே ஓடும் சிறுகோள் வேகமானது. பின்னாலிருந்து பூமியை நெருங்குகிறது. பூமி அதை முன்னோக்கி இழுக்கிறது. ஆற்றல் கூடியதும் அது முட்டாமல் வெளிப்பாதைக்கு ஏறிவிடுகிறது. வெளிப்பாதையில் ஓட்டம் மெதுவானது என்பதால், முன்னே இழுக்கப்பட்டதே பின்தங்கத் தொடங்குகிறது! பல காலம் கழித்துப் பூமிக்கு முன்பக்கம் வந்து சேரும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். 2002 ஏஏ29 என்ற சிறுகோள் சுமார் 95 ஆண்டுக்கு ஒருமுறை இப்படித் திரும்புகிறது. உங்கள் 200 ஆண்டு வரைபடத்தில் அது தெளிவாகத் தெரியும். குருயித்னே (எண் 3753) விஷயத்தில் கவனம்: ஒரு முழு லாடத்துக்கு 770 ஆண்டுகள் பிடிப்பதால், 200 ஆண்டுத் துண்டு வழிப்போக்கனைப் போலவே சாய்ந்து ஓடும். காலத்தை நீட்டாமல் முடிவு கட்டாதீர்கள்.

தொலைநோக்கிக்கும் வேலை வேண்டுமென்றால் வியாழனின் ட்ரோஜன்களிடம் போங்கள். அவற்றில் பெரியது ஹெக்டர் (எண் 624), 1907-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வரும்போது பொலிவெண் 14–15. கண்ணுக்கு மல்லுக்கட்டு, கேமராவுக்கு எளிது. வியாழன் எதிர்நிலைக்கு (சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்) வந்து ஏறக்குறைய 66 நாள் கழித்து முன்னோடும் கூட்டத்தின் முறை வரும். பின்தொடரும் கூட்டம் அதே அளவு முன்னதாக. ஹெக்டரின் பாதை 18 பாகை சாய்ந்திருப்பதால் வியாழன் போன தடத்தில் தேடாமல், அன்றைய இருப்பிடத்தை ஹொரைசன்ஸிலேயே எடுங்கள். 30 நொடிப் படங்கள் இருபதை அடுக்குங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் இருபது. எதிர்நிலையில் அது மணிக்குச் சுமார் 20 வில்நொடி நகரும் என்பதால் இரண்டு அடுக்குக்கும் இடையே 40 வில்நொடி விலகல் கிடைக்கும்; ஒரு படத்துக்குள் கோடாக இழுபடவும் செய்யாது.