ரேடியோ 4: 'டுடே' தொடக்கம் தவறிப்போவது

இனி காலை 10.30க்கே வையுங்கள், பிரிட்டனின் பிபிசி ரேடியோ 4 வானொலியில் வரும் காலைச் செய்தி நிகழ்ச்சி 'டுடே' முதலிலிருந்து கேட்கும். சென்னையில் வழக்கம்போல 11.30க்கு வைத்தால் ஏப்ரலிலிருந்து ஒரு மணி நேரம் போய்விடுகிறது என்கிறீர்கள். கோளாறு உங்கள் இணைப்பில் இல்லை.

மார்ச் கடைசி ஞாயிறு பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணிதான் வித்தியாசம், ஐந்தரை அல்ல.

சந்தேகமென்றால் காலை நிகழ்ச்சியைக் கொஞ்சம் கேளுங்கள். தொகுப்பாளர்கள் நடுநடுவே மணி சொல்வார்கள். அதோடு நாலரையைக் கூட்டினால் உங்கள் கடிகாரம் வரவேண்டும். மாலைச் செய்தி 'பிஎம்' அங்கே 5 மணிக்கு, நமக்கு இரவு 9.30. அதைத் தவறவிடாதீர்கள், அருமையான நேர்காணல்கள் வரும்.

ஒன்று மட்டும்: சனிக்கிழமை 'டுடே' அங்கே 7 மணிக்குத்தான் தொடங்கும், ஞாயிறு கிடையாது.