கொரிய உணவுப் பெயர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து என் மகளுக்கு அந்த உணவுகளின்மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் கடையில் உணவுப் பட்டியலைக் கையில் எடுத்தால் எல்லாப் பெயர்களும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. எங்கிருந்து கற்றுக்கொள்ளத் தொடங்குவது?
வாசகி, தக்கலை

பதில்: பெயரின் கடைசித் துண்டிலிருந்து தொடங்குங்கள். நெத்தோலி அவியல், நெத்தோலித் துவரன் என்று நாம் சொல்லும்போது முன்சொல் பொருளையும் பின்சொல் பக்குவத்தையும் காட்டுவதுபோல, கொரிய மொழியிலும் பெரும்பாலான உணவுப் பெயர்கள் அமைந்திருக்கின்றன. காய்கறியை உப்பும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைத்த கிம்ச்சி என்ற ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கிம்ச்சிசிகே என்றால் அதைப் போட்டுக் கொதிக்கவைத்த கெட்டிக் குழம்பு. கிம்ச்சிஜொன் என்றால் மாவில் கலந்து தட்டையாகச் சுட்டெடுத்த அடை. கிம்ச்சிபொக்கும்பாப் என்றால் அதனுடன் சேர்த்து வறுத்த சோறு. சிகே, ஜொன், பொக்கும், பாப் ஆகிய நான்கும் மனத்தில் நின்றுவிட்டால், முன்பின் கேட்டிராத பெயரிலும் பாதி புரிந்துவிடும். இவற்றுடன் நீர்த்த சாறான குக், தீயில் வாட்டியதான குயி, வேகவைத்த கீரையையோ காயையோ வறுத்த எள்ளின் எண்ணெயில் பிசைந்த நமுல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். சோற்றைச் சுற்றிச் சிறு கிண்ணங்களில் வைக்கப்படும் தொடுகறிகள் அனைத்துக்கும் பொதுப்பெயர் பன்சன்.

இவற்றுள் பாப் என்ற சொல்லை மகளுக்குச் சற்று நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள். வயலில் நிற்பது பியொ, குத்தி எடுத்தது ஸல், வெந்தது பாப் என்று, நெல், அரிசி, சோறு என்னும் நம் மூன்று சொற்களுக்கும் நேராக மூன்று சொற்களை அவர்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவரை நலம் விசாரிக்கும்போதுகூட “பாப் உண்டீர்களா?” என்றே கேட்கிறார்கள். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டே பேச்சைத் தொடங்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

தொக் என்பது அரிசிமாவில் செய்த பண்டங்களின் பெயர். அவற்றுள் சொங்பியொன் என்னும் பிறைவடிவப் பண்டத்தை, எள்ளோ பயறோ இனிப்புடன் உள்ளே வைத்து, பைன் மரத்தின் ஊசியிலைகளின்மேல் அடுக்கி ஆவியில் வேகவைத்து, சுசொக் என்னும் அறுவடைத் திருநாளில் உண்கிறார்கள். இலையின் மணம் மாவில் இறங்கவேண்டும் என்ற அதே எண்ணத்தில்தான் நாம் திருக்கார்த்திகைக்குப் பனையோலைக் கொழுக்கட்டை அவிக்கிறோம்.

கேள்வி: உல்சான் நகரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கும் என் மகன், அங்கேயும் நெத்தோலிக் கருவாடு கிடைப்பதாகச் சொல்கிறான். அது உண்மைதானா?
வாசகி, குளச்சல்

பதில்: உண்மைதான், அம்மா. அதன் பெயர் மியொல்சி. காய்ந்த சிறு மியொல்சியைச் சோயா சாறும் இனிப்புப் பாகும் சேர்த்து மொறுமொறுப்பாக வறுத்தால் அது மியொல்சிபொக்கும். கொரிய வீடுகளில் அன்றாடம் காணும் பன்சன்களில் அதுவும் ஒன்று. சற்றுப் பெரிய மீனைக் கடற்பாசியுடன் கொதிக்கவிட்டு வடித்த நீரே பல சாறுகளுக்கும் குழம்புகளுக்கும் அடிப்படை. மீனையும் இறாலையும் உப்பிலிட்டுப் புளிக்கவைப்பதை ஜொட்கல் என்கிறார்கள். கிம்ச்சியின் ஆழ்ந்த சுவைக்குப் பெரிதும் காரணம் இதுவே. குளிர்காலத்துக்கு வேண்டிய கிம்ச்சியை உறவும் அயலும் கூடிச் செய்யும் கிம்ஜங் வழக்கத்தை 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: நான் சைவ உணவுக்காரன். அலுவல் நிமித்தமாகச் சியோல் செல்கிறேன். எந்தச் சொற்களைக் கவனிக்கவேண்டும்?
வாசகர், நாகர்கோவில்

பதில்: மேலே சொன்னதிலிருந்தே உங்கள் சிக்கல் விளங்கியிருக்கும். கோகி என்றால் இறைச்சி. ஆனால் “கோகி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டுகளை நீக்கிவிட்டு, மீன் கொதித்த நீரை அப்படியே விட்டுவிட வாய்ப்புண்டு. ஆகவே மியொல்சி, இறாலைக் குறிக்கும் செயு, புளித்த மீன் சேர்க்கையான ஜொட்கல், மீன்கூழில் செய்த ஒமுக் ஆகியவற்றையும் பெயர் சொல்லியே மறுக்கவேண்டும். தெருக்கடைகளில் சிவந்த குழம்பில் கொதிக்கும் தொக்பொக்கி பார்ப்பதற்குச் சைவமாகத் தோன்றினாலும் அதில் ஒமுக் பெரும்பாலும் இருக்கும். காய்களும் சோறும் கலந்த பிபிம்பாப்பை இறைச்சியும் முட்டையும் இல்லாமல் கேட்டு வாங்கலாம். பிபிம் என்றால் கலத்தல்.

ஜங் என முடியும் பெயர்களைக் கண்டு தயங்கவேண்டாம். சோயாவை வேகவைத்துக் கட்டியாக்கிப் புளிக்கவிட்டு உப்புநீரில் ஊறவைத்தால், வடிந்த நீர் கன்ஜங், தங்கிய விழுது தெயென்ஜங். மிளகாய் சேர்ந்தது கொச்சுஜங். இவற்றை மரபுமுறையில் செய்யும்போது மீன் சேர்ப்பதில்லை. சசல் உம்சிக் எனப்படும் புத்தமடத்து உணவு கிடைத்தால் தவறவிடாதீர்கள்; அதில் இறைச்சி, மீன் மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும்கூட இராது.

கேள்வி: மது அருந்தாதவர்கள் அங்கே எந்தப் பானத்தை நம்பி வாங்கலாம்?
வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சா என முடிந்தால் தேநீர் வகை; வறுத்த வாற்கோதுமையைக் கொதிக்கவைத்த பொரிசாவைப் பல உணவகங்களில் தண்ணீருக்குப் பதிலாகவே வைப்பார்கள். ஜு என முடியும் சோஜு, மெக்ஜு போன்றவை மது. இந்த விதிக்குள் அடங்காத மக்கொல்லியில்தான் ஏமாறுவதற்கு இடமுண்டு. பாலின் நிறத்திலுள்ள அந்த அரிசி மதுவின் பெயரில் ஜு இல்லை. அதைப்போலவே வெண்மையாகக் கலங்கி, சோற்றுப் பருக்கை மிதக்கும் சிக்கே என்பதோ மதுவே அல்ல. ஒரே பனையில் இறக்கியதாயினும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள் என்று நாம் அறிந்திருப்பதைப்போல, இங்கும் வேறுபாடு சேர்மானத்தில்தான் இருக்கிறது: முளைகட்டிய வாற்கோதுமை நீரில் சோற்றை இளஞ்சூட்டில் வைத்து இனிக்கச் செய்தால் சிக்கே, நுருக் என்னும் நொதிக்கட்டியைச் சேர்த்துப் புளிக்கவிட்டால் மக்கொல்லி. குப்பியை வாங்குமுன் சிக்கே என்ற பெயரைச் சொல்லியே கேளுங்கள்.