நாய், பூனைகளுக்கு வைட்டமின் சி மாத்திரை கொடுக்க வேண்டுமா?

ஆரோக்கியமான நாய்க்கும் பூனைக்கும் அது தேவையில்லை. மனிதர்களிடமும் கினிப் பன்றிகளிடமும் செயல்படாத குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ் என்னும் நொதி அவற்றின் கல்லீரலில் இயங்குவதால், குளுக்கோசிலிருந்து வைட்டமின் சி-யை அவை தாமே தயாரித்துக்கொள்கின்றன. தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதமான கொலாஜன் உருவாவதற்கும் உயிரணுக்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காப்பதற்கும் அது இன்றியமையாதது என்பது உண்மையே. ஆனால் அதனாலேயே வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும் என்றாகிவிடாது. அளவு மிஞ்சினால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம். மேலும், மிகுதியில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் வெளியேறுவதால், சிறுநீர்ப் பாதையில் கால்சியம் ஆக்சலேட் கல் உருவாகும் இயல்புள்ள பிராணிகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாராசிட்டமால் நஞ்சேறிய பூனைக்கு மருத்துவர்கள் பிற மருந்துகளோடு இதையும் துணையாகச் செலுத்துவதுண்டு. எனினும் அது வீட்டில் செய்யக்கூடிய வைத்தியமன்று, உயிருக்கே ஆபத்தான அந்நிலையில் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.