இருபதுகளில் மாதச் சம்பள வேலையா, சுயதொழிலா?

படிப்பு முடிந்ததும் முழுநேர வேலையில் சேர்வதா, இல்லை ஃப்ரீலான்ஸ், ஆப் வழி வேலை என்று நம் இஷ்டத்துக்குத் தொடங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்துவிட்டு, இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறேன். நம் வேலையைப் பார்த்துத் திருத்த ஆள் இருக்கும் நிறுவனம் கிடைத்தால், முதலில் அங்கே சேருங்கள் என்பேன். தனியாகத் தொழில் செய்பவருக்கு அந்தத் திருத்தம் கிடைப்பது அரிது. வேலை பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் காரணம் சொல்ல மாட்டார், அடுத்த முறை கூப்பிட மாட்டார், அவ்வளவுதான்.

அடுத்தது பணக் கணக்கு. இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். வாரம் 40 மணி நேரம் என்றால், சம்பளக்காரருக்கு விடுப்பு நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு 2,080 மணி நேரத்துக்குச் சம்பளம் வருகிறது. தனியாக இருப்பவர் விடுமுறை, காய்ச்சல், பண்டிகை என்று 6 வாரம் கழித்தால் மிஞ்சுவது 1,840 மணி. அதிலும் வாடிக்கையாளர் தேடுவது, விலை பேசுவது, பில் போடுவது, வராத பணத்துக்கு நினைவூட்டுவது எல்லாம் போக, 60 சதவீத நேரத்துக்குக் காசு வந்தாலே நல்ல நிலைமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 1,100 மணி. அதாவது, அதே வருமானம் வேண்டுமென்றால் மணிக்கான கட்டணம் சம்பளக் கணக்கைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருக்க வேண்டும். கணினி, மென்பொருள், காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு எதையும் இதில் சேர்க்கவில்லை. இந்தக் கட்டணத்தைத் தயங்காமல் கேட்கும் அளவுக்குக் கைத்திறமை வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்துவிட்டால் தனியாகப் போகலாம்.

ஆப் வழி வேலையை நான் சுயதொழில் என்றே சொல்ல மாட்டேன். எப்போது லாகின் செய்வது என்பது நம் கையில் இருக்கிறது, சரி. விலையை யார் வைக்கிறார்கள்? வரும் வேலையை அடிக்கடி மறுத்தால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் நேராக நம்மிடமே திரும்பி வர முடியுமா? 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் உபர் டாக்சி ஓட்டுநர்களின் வழக்கில் ஏறக்குறைய இவற்றைத்தான் அலசியது. கட்டணம், நிபந்தனைகள், மதிப்பெண் முறை, பயணியுடனான தொடர்பு எல்லாம் நிறுவனத்தின் பிடியில் இருந்ததால், அந்த ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் விடுப்பும் பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பானது. எல்லா நாட்டிலும் சட்டம் அப்படி இல்லை. சட்டம் எப்படி இருந்தாலும், அந்த மூன்று கேள்விகளை எந்த வேலைக்கும் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர், உடல்நிலையால் குறித்த நேரத்துக்கு அலுவலகம் போக முடியாதவர் போன்றோருக்கு என் முதல் அறிவுரை பொருந்தாது. அவர்கள் நெகிழ்வான வேலையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு குறையும் இல்லை. அவர்களை 'நிரந்தர வேலை பார்' என்று நச்சரிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வரும். இன்றைக்கு முழுநேர வேலையும் பல இடங்களில் ஓராண்டு ஒப்பந்தம்தானே.

தனியாகப் போக முடிவு செய்தால், ஆறு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஒரே வாடிக்கையாளரை நம்பாதீர்கள். எவ்வளவு, எப்போது தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நியூயார்க் நகரத்தில் 800 டாலரோ அதற்கு மேலோ பெறும் ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 2017-இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது; பணம் வராமல் தவித்தவர்கள் அவ்வளவு பேர். அப்புறம், வேலையில் இருந்துகொண்டே வெளி வேலையைத் தொடங்குவதாக இருந்தால், நியமனக் கடிதத்தை முழுசாகப் படியுங்கள். வெளி வேலைக்குத் தடை இருக்கலாம், ஓய்வு நேரத்தில் நீங்கள் செய்ததும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றுகூட எழுதியிருக்கலாம்.