கல்வெட்டில் வரும் ‘நாடு’: கேள்வி பதில்

கே: சோழர் கல்வெட்டில் ‘நாடு’ என்றால் தேசமா?

ப: இல்லைங்க. சில ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம், பெரும்பாலும் இன்றைய தாலுகாவை விடச் சின்னது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முதலாம் ராசராசன் ‘பாண்டிய குலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்’ என்று பெரிய பிரிவில் தொடங்கி ஊரில் வந்து முடிக்கிறான். இதில் வளநாடு என்பது பல நாடுகளுக்கு மேலான பெரிய பிரிவு, கூற்றம் என்பது நாட்டுக்குச் சமமான பிரிவு.

கே: ‘நாடிப் போகும் இடம்’ என்பதால்தானே நாடு?

ப: ஒலி ஒத்துப்போனால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது. அந்தச் சொல் பழைய பாட்டில் எதற்கு எதிராக நிற்கிறது என்று பாருங்கள். புறநானூறு 187இல் ஔவையார் ‘நாடா கொன்றோ காடா கொன்றோ’ என்கிறார். காடு அல்லாதது, அதாவது மக்கள் குடியிருந்து உழுகிற நிலம்தான் நாடு.

கே: தாலுகா, ஜில்லா என்ற சொற்கள் எங்கிருந்து வந்தன?

ப: இரண்டும் அரபி மூலம். முன்னதற்குப் பொருள் தொடர்பு, சார்பு. பின்னதற்கு விலா எலும்பு, பக்கம்.

கே: நாடுகளைப் பிரித்தது அரசன்தானே? வளநாடுகளுக்கெல்லாம் அரசன் பட்டப்பெயர் இருக்கிறதே?

ப: வளநாட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. ராசராசன் காலத்தில் புதிதாக வந்த பிரிவு அது. உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவில் என்பது போல ஆறுகளை எல்லையாக வைத்தார்கள், அரசர் மாறியபோது பெயரும் மாறியது. நாடு அப்படியில்லை. ஆற்றின் இரு கரை ஊர்களும் ஒரே நாட்டில் இருக்கும், பெயரும் பெரும்பாலும் உள்ளேயிருக்கும் ஓர் ஊருடையது.

கே: அரசன் இல்லாமல் எல்லையை யார் போட்டிருப்பார்கள்? நம்ப முடியவில்லை.

ப: கோடு கிழித்து உருவான பிரிவு என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் உழுதவர்கள் சேர்ந்து அமைந்த தொகுதி அது. அவர்களுக்கு ‘நாட்டார்’ என்ற சபை இருந்தது. அரசன் ஆணையே நாட்டாருக்கு எழுதப்பட்டு வந்ததைக் காண்கிறோம். ஏற்கெனவே இருந்த நாடுகளின் மேல்தான் ராசராசன் வளநாட்டை வைத்தான், சில இடங்களில் ஒரு நாடே இரண்டு வளநாடுகளில் பிரிந்து கிடக்கிறது. அரசனே முதலில் வகுத்திருந்தால் இப்படி ஏன் வெட்டுப்பட வேண்டும்?

கே: ‘நட்ட’ இடம் என்பதால் நாடு என்று படித்தேன்…

ப: மேலே சொன்னதுதான். ஒலியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கே: எங்கள் ஊர் எந்த நாட்டில் இருந்தது?

ப: ஊர்ப் பழைய கோயிலில் கல்வெட்டு இருந்தால் அதிலேயே இருக்கும். ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘நாட்டு’ அல்லது ‘கூற்றத்து’ என்று முடியும் சொல்லைத் தேடுங்கள்.