இல்லாத ஒருவரின் வாழ்க்கை வரலாறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருங்கலில் இருந்து எழுதுகிறேன். கல்லூரி முடித்துவிட்டுப் போட்டித்தேர்வுக்குப் படித்துவருகிறேன். மாலையில் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவது வழக்கம். அமெரிக்க சிட்காம் (சூழல்நகைச்சுவை) தொடர்களை விரும்பிப் பார்ப்பவள் என்பதால் ‘ஃப்ரேசியர்’ தொடரின் நாயகனான ஃப்ரேசியர் கிரேன் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். முதல் பகுதியிலேயே, அவன் பார்த்துப் பார்த்து அலங்கரித்த வீட்டுக்குள் அவனுடைய அப்பாவின் கிழிந்து ஒட்டுப்போட்ட சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்; அவன் முகம் போகிற போக்கை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. இப்போது அக்கட்டுரைக்கு ஒருவர், அதை நீக்கவேண்டும் என்று அறிவிக்கும் நீக்கல் வார்ப்புரு இட்டிருக்கிறார். தமிழாசிரியரான என் மாமாவோ, “நம் மாவட்டத்துக் கோயிலும் குளமும் எழுதப்படாமல் கிடக்க, இல்லாத ஒருவனுக்கு எதற்கு வாழ்க்கை வரலாறு?” என்கிறார். எந்தக் கதாபாத்திரத்துக்குக் கட்டுரை எழுதலாம், எதற்குக் கூடாது? படம் சேர்க்க வழி உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த நாட்களில் நான் தோல்பாவைக்கூத்தில் வரும் கோமாளி உச்சிக்குடும்பனைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன். பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம். அவனிடம் பிறகு வருகிறேன்.

படத்தை விடுங்கள். தொடரின் காட்சிகள் உரிமை உள்ளவை. படம் இல்லாமலே கட்டுரை நிற்கும். மாமாவின் மேல் வருத்தம் கொள்ளவும் வேண்டாம். அவர் மேசையில் எப்போதேனும் இருந்திருக்கக்கூடிய அபிதான சிந்தாமணியை, 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ஆ. சிங்காரவேலு முதலியாரின் அந்தக் கலைக்களஞ்சியத்தை, எங்கு புரட்டினாலும் புராண மாந்தர்கள் அரசர்களுக்கும் புலவர்களுக்கும் நடுவே அகரவரிசையில் இடம்பிடித்திருப்பார்கள். கதைமாந்தருக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமுண்டா என்ற கேள்வி தமிழில் என்றோ தீர்ந்துவிட்டது.

உங்கள் கட்டுரையை முழுவதும் வாசித்தபின் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கடிதத்தில் அந்த நாற்காலியைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளில் உயிர் இருக்கிறது. கட்டுரையிலோ, “இவர் ஓர் உளநோய் மருத்துவர். பாஸ்டனில் வசித்தார். திருமணம் முறிந்தபின் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்து வானொலியில் பணியாற்றினார்” என்று, வேலைக்கு மனுப் போடுபவரின் தன்விவரக் குறிப்பைப்போல அடுக்கியிருக்கிறீர்கள். அவனை எழுதியவர்கள் யார், நடித்தவர் யார், எந்த ஆண்டில், எதற்காக என்பதற்கு மூன்று வரிகூட இல்லை. மாமா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு இடம் கொடுத்தது நீங்கள்தான். இல்லாத ஒருவனின் வாழ்க்கை வரலாற்றைத்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

அவனுடைய அப்பாவின் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேசியர் 1984இல் ‘சியர்ஸ்’ என்ற தொடரில் ஒரு துணைப்பாத்திரமாக வந்தவன். சில பகுதிகளோடு போய்விட வேண்டியவன், கெல்சி கிராமரின் நடிப்பால் 1993இல் அத்தொடர் முடியும்வரை நிலைத்தான். அதில் ஓரிடத்தில் தன் தந்தை ஓர் அறிவியல் ஆய்வாளர் என்றும் இறந்துவிட்டார் என்றும் சொல்கிறான். அதே 1993இல் அவனையே நாயகனாக வைத்துப் புதிய தொடர் தொடங்கியபோது, துப்பாக்கிச்சூட்டில் இடுப்பில் காயம்பட்டு ஓய்வுபெற்ற காவலரான மார்ட்டின் என்ற தந்தை உயிரோடு வந்து நிற்கிறார். 1995இல் பழைய தொடரின் சாம் சியாட்டிலுக்கு விருந்தாளியாக வந்து, இவர் இறந்துவிட்டதாகச் சொன்னாயே என்று கேட்க, அப்போது அப்பாவின் மேல் கோபத்தில் இருந்தேன் என்கிறான் ஃப்ரேசியர். நீங்கள் இதை, “தந்தையுடன் ஏற்பட்ட பிணக்கால் அவர் இறந்துவிட்டதாக நண்பர்களிடம் பொய் கூறினார்” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். கதைக்குள் அது சரிதான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லவைத்தவர்கள் வேறு. முதல் தொடரில் அந்த வசனம் எழுதப்பட்டபோது மார்ட்டின் என்றொருவர் யார் மனதிலும் இல்லை. நாசூக்கான மகனுக்கு எதிரில் நிறுத்த ஒரு முரட்டுத் தந்தை தேவைப்பட்டபோது, புதிய தொடரை உருவாக்கிய டேவிட் ஏஞ்சல், பீட்டர் கேசி, டேவிட் லீ ஆகிய மூவரும் பழைய வசனத்தைத் தாண்டிப் போனார்கள். பிறகு அந்தத் தாண்டலையே சிரிப்பாக்கிவிட்டார்கள். கலைக்களஞ்சியம் சொல்லவேண்டிய செய்தி இதுதான், நீங்கள் விட்டுவிட்டதும் இதையேதான்.

கதைமாந்தருக்கு இரண்டு காலக்கணக்குகள் உண்டு: கதைக்குள் ஓடும் காலம் ஒன்று, அவர்களை உண்டாக்கியவர்களின் காலம் மற்றொன்று. தேதி போட்டு எழுதத் தகுந்தது இரண்டாவதுதான். ‘ஐ லவ் லூசி’ தொடரில் லூசிக்குக் குழந்தை பிறக்கும் பகுதி 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பானது. லூசியாக நடித்த லூசில் பால் தன் மகனை ஈன்றதும் அதே நாளில். கர்ப்பம் என்ற சொல்லைத் தொலைக்காட்சியில் உச்சரிக்கவே விடாத காலத்தில் அவர் கர்ப்பிணியாகவே நடித்தார் என்பதை எழுதாமல், லூசிக்கு ஒரு மகன் என்று மட்டும் எழுதினால் என்ன மிஞ்சும்? கிரேசி மோகன் தன் நாயகியருக்கு ஜானகி என்றே பெயர் வைத்ததும் அப்படித்தான். அது அவருடைய பள்ளி ஆசிரியையின் பெயர்.

இப்போது உச்சிக்குடும்பன். கல்குளம் பக்கத்தில் எங்கள் ஊருக்குத் தோல்பாவைக்கூத்துக் குழு வந்து கொட்டகை கட்டும். ராமாயணம்தான் கதை, ஆனால் சிறுவர்கள் நாங்கள் காத்திருந்தது உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும். போர் நடுவில் நின்றுவிடும்; இருவரும் வந்து, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை என்று கைவிரித்ததைப் பேசிச் சண்டையிடுவார்கள். ஒருநாள் நான் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். ஆட்டுத்தோலில் வெட்டிய இரு பாவைகளும் ஒரே மனிதரின் இரு கைகளில் இருந்தன. கரகரத்த குரலும் கீச்சுக்குரலும் அவர் ஒருவர் தொண்டையிலிருந்தே மாறிமாறி வந்தன. சண்டைக்கு இடையில் மூச்சு வாங்கிய நேரத்தில் அவர் மனைவியிடம் எனக்குப் புரியாத மொழியில் ஏதோ கேட்டார். அது மராத்தி. வீட்டுக்குள் மராத்தி பேசும் குடும்பங்கள்தான் நம் மாவட்டத்தில் இக்கூத்தைத் தலைமுறைகளாகக் காத்துவருபவை. எங்கள் ஊர்க்காரர்களைவிட எங்கள் ஊர்ப்பேச்சைத் துல்லியமாகப் பேசிய உச்சிக்குடும்பனுக்குக் குரல் கொடுத்தவரின் வீட்டுமொழி வேறு என்பது, வளர்ந்தபின் என்னை நெடுநாள் யோசிக்கவைத்தது.

இவனும் சிட்காம் பாத்திரம்தான். எந்தக் கதைக்குள் வந்தாலும் மாறுவதில்லை, எதையும் கற்றுக்கொள்வதில்லை, நேற்றைய இரவு வாங்கிய அடியை இன்று மறந்திருப்பான். அவனைப் பற்றி “உளுவத்தலையனின் தோழன், அடிக்கடி அடிவாங்குவான்” என்று எழுதிவிட்டுப் போவது எளிது. தோலை வெட்டித் துளையிட்டு நிறம் தீட்டியவர் யார், அந்தக் குரலை யாரிடம் கற்றார், ஊருக்கு ஊர் எந்தப் பேச்சை மாற்றினார் என்பதை யாரேனும் கேட்டு எழுதினால்தான் அது கலைக்களஞ்சியக் கட்டுரை. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் இக்கலைஞர்களோடு பழகி எழுதியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன, அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் மாமாவின் வாய்க்கு அஞ்சி, ஊர்க்கடனைக் கழிப்பதற்காக உச்சிக்குடும்பனை எழுதாதீர்கள். அவனைப் பார்த்து, சிரித்து, அதன்பின் எழுதுங்கள். ஃப்ரேசியரிடம் உங்களுக்கு அந்தச் சிரிப்பு இருக்கிறது, ஆகவே முதலில் அவனைச் சரிசெய்யுங்கள்.

எந்தப் பாத்திரத்துக்கு எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். அதை உண்டாக்கியவர்கள் பேசியதும் பார்த்தவர்கள் எழுதியதும் நம்பத்தகுந்த இடத்தில் அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் எழுதலாம். கதைச்சுருக்கத்தை இரண்டு பத்திக்குள் அடக்கி நிகழ்காலத்தில் எழுதுங்கள். வெளியில் நடந்ததை ஆண்டோடு இறந்தகாலத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் கொடுங்கள். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், நீக்கல் வார்ப்புரு இட்ட பயனருக்கு நீங்கள் எழுதியிருக்கும் காரமான பதிலையும் பார்த்தேன். அதை அத்தோடு நிறுத்திக்கொண்டு, திருத்திய கட்டுரையை முதலில் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.