ஆடம்ஸின் கடல்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இசைக்குழுவுக்காக அவர் எழுதிய 'பிகம் ஓஷன்' கேட்டேன். ரயிலில், ஹெட்ஃபோனில். கால் மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. மெட்டும் இல்லை, தாளமும் பிடிபடவில்லை. கடல் சத்தத்தையே பதிவு செய்து போட்டிருக்கலாமே? அவருடையது நிலத்திலிருந்து வரும் இசை என்று எழுதியிருந்தீர்களே, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அதில் மெட்டைத் தேடினால் கிடைக்காதுதான். இசைக்குழு மூன்றாகப் பிரிந்து தள்ளித்தள்ளி உட்கார்ந்திருக்கும். குழல்கள் ஓரிடம், பித்தளைக் கருவிகள் ஓரிடம், தந்திக் கருவிகள் ஓரிடம். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கால அளவில் மெல்ல எழும்பி மெல்ல அடங்கும். அளவுகள் வேறு வேறு என்பதால் ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கிக்கொண்டிருக்கும். சுமார் 42 நிமிடத்தில் மூன்றே முறைதான் எல்லாம் சேர்ந்து உச்சத்துக்கு வரும். நடு உச்சத்துக்கு முன்பே நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். இசை அங்கிருந்துதான் வந்த வழியே திரும்பிப் போகிறது. 2013இல் சியாட்டிலில் அரங்கேறி, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது இது. (அதே பரிசு பெற்ற ஜான் ஆடம்ஸ் என்று இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் இருக்கிறார். அவர் வேறு.)

பதிவு செய்து போட்டிருக்கலாமே என்கிறீர்கள். ஆடம்ஸ் 1978இல் அலாஸ்காவுக்குக் குடிபோய், முப்பது வருடங்களுக்கு மேல் அங்கே வாழ்ந்தவர். ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 2006இல் ஓர் அறை அமைத்தார். பதிவு செய்த இயற்கை ஒலி எதுவும் அங்கே இல்லை. சூரியன் நிற்கும் இடம், நிலவின் பிறை, நில அதிர்வு, பூமியின் காந்தப்புலச் சலனம் எல்லாம் எண்களாகக் கணினிக்கு வந்துகொண்டே இருக்கும். அது அந்தந்த நேரத்தில் ஒலியாக மாறும். கோடையில் பகலின் ஒலி ஓங்கும், குளிர்காலத்தில் இரவின் ஒலி. எங்கோ நிலம் அதிர்ந்தால் அடியில் முரசுபோல உறுமும். வடதுருவ ஒளி, அதாவது இரவு வானில் அசையும் வண்ண ஒளி, எழும்போது மேலே மணிகள் ஒலிக்கும். மேகம் மறைத்து ஒளி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒலிக்கும். எது எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை நிலமே முடிவு செய்கிறது. அதை வைத்துத்தான் சொன்னேன்.

அப்புறம் 2009இல் எழுதிய 'இனுக்சுயிட்'. 9 பேரிலிருந்து 99 பேர் வரை, திறந்தவெளியில் பரவி நின்று தாள வாத்தியங்கள் வாசிப்பார்கள். கேட்பவர்கள் இஷ்டம்போல் நடக்கலாம். நாலடி தள்ளி நிற்பவருக்கும் உங்களுக்கும் ஒரே இசை கிடைக்காது. இந்த இடைவெளியைத்தான் ஹெட்ஃபோன் நசுக்கிவிடுகிறது.

ரயில் வேண்டாம். 'பிகம் ஓஷன்' மிக மெல்லிய, தாழ்ந்த ஒலியில் தொடங்குகிறது, ரயில் சத்தம் அதை விழுங்கிவிடும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, நல்ல ஸ்பீக்கரில் முழுசாகக் கேளுங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் சரி, மறுபடி எழுதுங்கள்.